ஃபெட் சிமுலேஷன்கள்: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

அறிவியல் வகுப்புக்கு என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள் ஏராளம். மாணவர் கையில் கொடுத்தால் உண்மையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்து, அதை வைத்துத் திருத்தப்பட்டவை அவற்றில் சொற்பம். திரையில் மாணவர் தாமே இயக்கிப் பார்க்கும் பாவனைச் சோதனைகளின், அதாவது சிமுலேஷன்களின், தொகுப்பான ‘ஃபெட்’ அந்தச் சொற்பத்தில் ஒன்று. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் 2002-இல் கார்ல் வீமன் தொடங்கியது; அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ‘ஃபிசிக்ஸ் எஜுகேஷன் டெக்னாலஜி’ என்பதன் சுருக்கம்தான் ஃபெட். பிறகு வேதியியலும் கணிதமும் உயிரியலும் வந்து சேர்ந்துவிட்டன, பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி அருமை. ஆனால் பாதி வேலையை அதனோடு மாணவர் கையில் போகும் ஒரு பக்கக் கேள்வித்தாள்தான் செய்கிறது. அந்தத் தாள் மோசமாக இருந்தால் சிமுலேஷன் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. இது வெறும் அபிப்பிராயம் இல்லை. ஃபெட் குழுவின் சொந்த ஆய்வுகளே இதைத்தான் காட்டுகின்றன.

மின்சுற்று: இதற்காகவே திறக்கலாம்

‘சர்க்யூட் கன்ஸ்ட்ரக்‌ஷன் கிட்: டிசி’ தொகுப்பில் அதிகம் பேசப்படும் சிமுலேஷன்களில் ஒன்று. பேட்டரி, பல்பு, மின்தடை, சுவிட்ச், கம்பி ஆகியவற்றை இழுத்துப் போட்டு முனைகளை ஒட்டினால் சுற்று தயார். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக நகரும். அறிமுகத் திரையில் நாணயம், பென்சில், ரப்பர், காகிதக் கிளிப் எல்லாம் இருக்கின்றன. எது மின்சாரத்தைக் கடத்தும் என்று ஒவ்வொன்றாகச் சுற்றுக்குள் செருகிப் பார்க்கலாம். ஒரு நாய்கூட இருக்கிறது. சின்ன வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் நாயைத்தான் இணைப்பார்கள். இணைக்கட்டும், அதில் தவறில்லை.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஒரு பழைய கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது அது. ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று பேட்டரிகள். முதல் பேட்டரியில் ஒற்றைப் பல்பு (அ). இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடர் இணைப்பில் (ஆ, இ). மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் (ஈ, உ). பிரகாச வரிசை என்ன? சமன்பாடு ஒன்றும் வேண்டாம். சரியான விடை: அ, ஈ, உ மூன்றும் சமம், ஆ, இ இரண்டும் மங்கல், தமக்குள் சமம். பல்கலைக்கழக மாணவர்களிலேயே ஏறத்தாழ 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். மின்னோட்டம் முதல் பல்பிலேயே கொஞ்சம் ‘தீர்ந்துபோய்’ மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்பதும், பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்பதும் மாணவர் மனத்தில் ஆழமாக வேரூன்றிய இரண்டு தவறுகள்.

சிமுலேஷனில் இதைச் சோதிக்க ஒரு மதிப்பையும் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரி 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்றுதான் திறக்கும்போதே இருக்கும். ஒற்றைப் பல்பில் 0.90 ஆம்பியர். தொடர் இணைப்பில் இரண்டு பல்பிலும் 0.45. பக்க இணைப்பில் ஒவ்வொரு பல்பிலும் 0.90, பேட்டரியை ஒட்டிய கம்பியில் 1.80. அம்மீட்டரைப் பல்புக்கு முன்னும் பின்னும் வைத்தால் எண் மாறாது, புள்ளிகளின் வேகமும் மாறாது. ‘தீர்ந்துபோகிறது’ என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் ஆட்டம் காணும். பேட்டரி எப்போதும் ஒரே மின்னோட்டத்தைத் தரும் என்பதற்கு 1.80 என்ற எண்ணே பதில்.

கொஞ்சம் தேறிய வகுப்பாக இருந்தால் லேப் திரைக்குப் போய், கூடுதல் அமைப்புகளில் உள்ள பேட்டரியின் உள்தடையை 1 ஓமுக்கு நகர்த்துங்கள். ஒற்றைப் பல்பில் இப்போது 0.82 ஆம்பியர். பக்க இணைப்பில் ஒவ்வொன்றிலும் 0.75. அதாவது இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு சற்று மங்குகிறது. உண்மையான பழைய பேட்டரியை வைத்துச் செய்தால் இதுதான் நடக்கும். அப்போது மாணவர், ‘சார், புத்தகம் தப்பா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான விடை இந்த ஒரு ஸ்லைடரில் இருக்கிறது.

இனி, தடுக்கி விழும் இடங்கள். முனைகள் ஒட்டியது போலத் தெரியும், ஒட்டியிருக்காது. பெரும்பாலான ‘பல்பு எரியல’ புகாருக்குக் காரணம் இதுதான். பாகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டிய முனையைப் பிரிக்க அதைத் தொட வேண்டும், கத்தரிக்கோல் படம் வரும். இது தெரியாமல் சுற்று முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். வோல்ட்மீட்டரின் முனைகளைப் பல்பின் கண்ணாடி மேல் வைத்துவிட்டு மதிப்பு வரவில்லை என்பார்கள். கம்பி அல்லது இணைப்பின் மேல் வைக்க வேண்டும். ஷார்ட் சர்க்யூட் செய்தால் தீப்பிடிக்கும் படம் வரும், அவ்வளவுதான், எதுவும் கெடாது. ஒரு முறையாவது அதைச் செய்ய விடுவது நல்லது, நிஜ மேசையில் அந்த வசதி கிடையாது.

சிமுலேஷனே விதைக்கக்கூடிய தவறுகளும் உண்டு. புள்ளிகள் ஓடும் வேகத்தைப் பார்த்து எலக்ட்ரான் அப்படித்தான் பாயும் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்களின் சராசரி நகர்வு நொடிக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீட்டர்தான். சுவிட்சைப் போட்டதும் பல்பு எரிவது ஏன் என்ற கேள்வியை இங்கேயே எடுத்துவிட வேண்டும்: எல்லா எலக்ட்ரான்களும் சுற்று முழுக்க ஒரே நேரத்தில் நகரத் தொடங்குகின்றன, பேட்டரியிலிருந்து ஓடிவந்து சேரவில்லை. இன்னொன்று, பல்பு. அந்த 10 ஓம் எப்போதும் 10 ஓம்தான். நிஜமான டங்ஸ்டன் இழைப் பல்போ சூடானால் ஏறத்தாழ பத்து மடங்கு மின்தடை காட்டும். அணைந்திருக்கும் பல்பை மல்டிமீட்டரில் அளந்துவிட்டு ஓம் விதியைப் போட்டுப் பார்ப்பவர் குழம்பிப்போவார்.

கொலராடோ ஆய்வு உண்மையில் என்ன சொன்னது

2005-இல் நோவா ஃபிங்கல்ஸ்டைனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரையை ஃபெட் பற்றிப் பேசுகிற எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள், பலர் தப்பாக. தொடக்கநிலை இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு பகுதி மாணவர்கள் நிஜமான பல்பும் கம்பியும் வைத்துச் செய்தார்கள், இன்னொரு பகுதியினர் இந்தச் சிமுலேஷனில் செய்தார்கள். பிறகு இரு தரப்புக்கும் நிஜமான பாகங்களைக் கொடுத்து ஒரு சுற்றைக் கட்டி விளக்கச் சொன்னார்கள். சிமுலேஷனில் மட்டும் பழகியவர்கள் நிஜச் சுற்றையும் நன்றாகக் கட்டினார்கள், விளக்கமும் மேலாக இருந்தது. தேர்வின் மின்சுற்றுக் கேள்விகளிலும் முந்தினார்கள்.

காரணம் மாயமில்லை. நிஜ மேசையில் கம்பியின் நிறம், ஆடும் இணைப்பு, தீர்ந்த பேட்டரி என்று கவனத்தைத் தின்னும் விஷயங்கள் ஏராளம். கற்கத் தொடங்குபவருக்கு எது முக்கியம் என்று தெரியாது. சிமுலேஷன் அவற்றை அகற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் காட்டுகிறது.

ஆனால் ‘ஆய்வகத்தை மூடிவிடலாம்’ என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் தவறு. அது ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே தலைப்பில், உதவிக்கு ஆள் நின்ற ஆய்வகத்தில் நடந்தது. 2013-இல் டன் டி யாங், மார்சியா லின், ஜக்கரியாஸ் ஜக்கரியா மூவரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய மதிப்பீட்டுக் கட்டுரை இரண்டுக்கும் தனித்தனி வேலை உண்டு என்கிறது, சேர்த்துப் பயன்படுத்துவதற்குத்தான் ஆதரவு தருகிறது. சிமுலேஷனில் அளவீட்டுப் பிழை என்பதே பெரும்பாலும் இல்லை. 0.90 என்றால் எத்தனை முறை அளந்தாலும் 0.90. ஒரே அளவீட்டைப் பத்து முறை எடுத்தால் ஏன் பத்து விதமாக வருகிறது, அதை என்ன செய்வது என்று கற்பிக்க வேண்டிய நாளில் இதை மூடி வைத்துவிட்டு உண்மையான அளவுகோலை எடுங்கள்.

கேள்வித்தாள்

ஃபெட் குழு சிமுலேஷன்களைச் செப்பனிடும்போது மாணவர்களைத் தனித்தனியாக உட்கார வைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கவனிக்கிறது. வெண்டி ஆடம்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2008-இல் இத்தகைய 200-க்கும் மேற்பட்ட நேர்காணல்களை வைத்து எழுதினார்கள். அதில் வகுப்புக்கு நேராக உதவும் செய்தி ஒன்று: படிப்படியான கட்டளைகளைக் கொடுத்தால் மாணவர் கட்டளையை முடிப்பார், அதைத் தாண்டி எதையும் தொடமாட்டார். பொதுவான ஓரிரண்டு கேள்விகளை மட்டும் கொடுத்தால் தானே துழாவிப் பார்ப்பார், ‘இப்படிச் செய்தால்?’ என்று தானே கேட்டுக்கொள்வார்.

எனவே ‘1. பேட்டரியை இழுத்து வைக்கவும். 2. பல்பை இணைக்கவும். 3. மின்னோட்டத்தை 6 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட்டில் குறிக்கவும். 4. வரைபடம் வரைக’ என்கிற தாள் சமையல் குறிப்புதான். எல்லாரும் ஒரே கோட்டை வரைவார்கள். இதே பாடத்துக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘ஒரே பேட்டரியில் மூன்று பல்புகளை இணைக்க எத்தனை வெவ்வேறு வழிகள் உண்டு? எதில் ஒரு பல்பு மட்டும் மற்ற இரண்டைவிடப் பிரகாசமாக எரிகிறது? ஏன்?’ விடைக்குப் போகும் வழியில் தொடர், பக்கம், கலப்பு மூன்றும் தானாக வந்துவிடும். (இரண்டு வழிகளில். ஒன்று: ஒரு பல்பு தொடரில், மற்ற இரண்டும் பக்க இணைப்பில். முதல் பல்பில் 0.60 ஆம்பியர், மற்றவற்றில் 0.30. இன்னொன்று: தொடரில் உள்ள இரண்டு பல்புகளுக்குப் பக்க இணைப்பில் ஒரு பல்பு. அதில் 0.90, மற்றவற்றில் 0.45.)

அதற்காகத் தாளே வேண்டாம் என்று முழுக்கக் கைவிட்டுவிடவும் கூடாது. டி யாங்கும் வான் யூலிங்கனும் 1998-இலேயே தொகுத்துக் காட்டியது போல, தன்னிச்சையாக விடப்பட்டவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயங்களை மாற்றுவார்கள், தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் சோதனையை மட்டும் செய்வார்கள், முடிவைத் தப்பாகப் படிப்பார்கள். நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு இது: முதல் 5 முதல் 10 நிமிடம் எந்தத் தாளும் இல்லாமல் விளையாட்டு. பிறகு இரண்டு அல்லது மூன்று கேள்விகள், ஒவ்வொன்றிலும் ‘செய்வதற்கு முன் உன் ஊகம்’ என்று ஒரு வரிக்கு இடம். கடைசிக் கால்மணி நேரம் திரைகளை மூடிவிட்டு வாய்ப்பேச்சு. திறந்து வைத்துக்கொண்டு பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருக்கிறது, ஆசிரியர் மட்டும் இயக்கிக் காட்ட வேண்டும் என்றாலும் பாதகமில்லை. ஆனால் வெறுமனே காட்டாதீர்கள். ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வின்படி, செய்முறையைச் சும்மா பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்காதவர்களின் புரிதலைவிடப் பெரிதாக மேம்படவில்லை. பார்ப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று ஊகித்து எழுதியவர்கள்தான் தேறினார்கள். ஊகம் எழுதக் கூடுதலாக இரண்டு நிமிடம் போகும், அவ்வளவுதான் செலவு. மேலே சொன்ன ஐந்து பல்புக் கேள்வியை இப்படி நடத்திப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

ஊசலும் வாயுவும்: ‘தப்பு’ விடைகள்

‘பெண்டுலம் லேப்’ பற்றி வரும் புகார் எப்போதும் ஒன்றுதான்: சூத்திரமும் சிமுலேஷனும் ஒத்துப்போகவில்லை. 1 மீட்டர் நீளத்துக்குப் பாடப்புத்தகச் சூத்திரம் 2.006 நொடி தரும். மாணவர் குண்டை 60 பாகை வரை இழுத்து விட்டிருப்பார், 2.15 நொடி வந்திருக்கும். 30 பாகையில் 2.04. 90 பாகையில் 2.37. சிமுலேஷன் சரி, சூத்திரம்தான் சிறு கோணங்களுக்கு மட்டும் பொருந்தும் தோராயம். 10 பாகைக்குள் இருக்கச் சொன்னால் 2.01-ஐத் தாண்டாது. அல்லது அதையே கேள்வியாக்குங்கள்: எந்தக் கோணத்திலிருந்து சூத்திரத்தை நம்ப முடியாது? அலைவு நேரத்தைத் தானே அளக்கும் கருவி லேப் திரையில் இருக்கிறது, நிறுத்துக்கடிகாரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். உராய்வை முழுக்கக் குறைத்துவிட்டீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கேஸ் ப்ராபர்டீஸ்’-இல் சிக்கல் வேறு விதம். பாயில் விதிக்கு (வெப்பநிலை மாறாதவரை அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் மாறிலி வரும்) திறக்க வேண்டியது ‘ஐடியல்’ திரை. அங்கே சுவரை நகர்த்தும்போது சுவர் துகள்களைத் தள்ளுவதில்லை, வெப்பநிலை அப்படியே நிற்கும். ‘எக்ஸ்ப்ளோர்’ திரையில் நகரும் சுவர் துகள்கள் மேல் வேலை செய்கிறது. வேகமாக உள்ளே தள்ளினால் வாயு சூடாகிவிடும். அந்தத் திரையில் எடுத்த அளவீடுகளை வைத்து அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் மாறிலி வராது. தவறான திரையைத் திறந்துவிட்டுக் கருவியைக் குறைசொல்லக் கூடாது. சைக்கிள் பம்பு ஏன் சூடாகிறது என்று காட்ட அதே ‘எக்ஸ்ப்ளோர்’ திரைதான் பொருத்தம். அழுத்தமானியின் முள் நடுங்குவது கோளாறு இல்லை, துகள் எண்ணிக்கை குறைவாக இருப்பதன் விளைவு. துகள்களைக் கூட்டினால் நடுக்கம் ஒப்பளவில் குறையும்.

வேதிச் சமன்பாடுகளைச் சமன்படுத்தப் பழக்கும் ‘பேலன்சிங் கெமிக்கல் ஈக்வேஷன்ஸ்’ எளிமையானது, சொன்னதைச் செய்கிறது. கெழுக்களை இரட்டிப்பாகப் போட்டால் ‘சமன்தான், ஆனால் சுருக்கவில்லை’ என்று சொல்வது நல்ல ஏற்பாடு. அதன் விளையாட்டுத் திரையை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடலாம், வகுப்பு நேரம் வேண்டாம்.

நிறுவுதல், மொழி, சேமிப்பு

ஒவ்வொரு சிமுலேஷனும் ஒரே ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பு. பதிவிறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் இணையமே இல்லாத கணினியிலும் பிரவுசரில் திறக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இது பல போட்டிக் கருவிகளைவிட ஒரு படி மேல். பழைய ஃபிளாஷ் சிமுலேஷன்கள் அந்தத் தொழில்நுட்பம் 2020 இறுதியில் கைவிடப்பட்டதோடு போய்விட்டன. ஜாவாவில் உள்ளவை சில இன்னும் பட்டியலில் இருக்கின்றன. மெதுவாகத் திறக்கும், செல்பேசியில் சரிப்படாது, பாடத்திட்டத்தில் அவற்றைச் சேர்க்காதீர்கள்.

பல திரைகள் உள்ள சிமுலேஷனில் ஒரே திரையை மட்டும் காட்ட வழி இருக்கிறது. முகவரியின் கடைசியில் கேள்விக்குறி, பிறகு ‘ஸ்க்ரீன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் சிறிய எழுத்தில், சமக்குறி, திரையின் எண். முன்பே ஒரு கேள்விக்குறி அங்கே இருந்தால் அதற்குப் பதில் ‘&’ குறி. தவறான திரைக்கு மாணவர் போகாமல் இருக்க இதைவிடச் சுலபமான பூட்டு இல்லை.

மொழிபெயர்ப்பு தன்னார்வலர்கள் கையில். ஒன்று முழுதாக மொழிபெயர்க்கப்பட்டிருக்கும், அடுத்ததில் பாதி பொத்தான்கள் ஆங்கிலத்தில் நிற்கும். கலைச்சொல்லும் ஆளுக்கு ஆள் மாறும். பாடப்புத்தகத்தில் ‘பக்க இணைப்பு’ என்று படித்தவர் திரையில் வேறு சொல்லைக் கண்டால் தயங்குவார். வகுப்புக்கு முந்தைய நாள் திறந்து பார்த்து, மாறுபடும் நாலைந்து சொற்களைக் கேள்வித்தாளின் தலையில் எழுதிவிடுங்கள்.

செல்பேசியில் ஓடும், ஆனால் குறுக்குவாட்டில் திருப்ப வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் படம் சுருங்கி, முனைகளை விரலால் பிடிக்கவே முடியாது. இரண்டு பேருக்கு ஒரு டேப்லெட் என்பது வசதியான கணக்கு. மூன்றாமவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார்.

பெரிய குறை, சேமிப்பு. கட்டிய சுற்றைச் சேமிக்கும் வசதி இலவசப் பதிப்பில் இல்லை. பக்கம் தற்செயலாகப் புதுப்பிக்கப்பட்டால் எல்லாம் போச்சு. மாணவர் என்ன செய்தார் என்ற பதிவும் ஆசிரியருக்கு வராது. வேலையைத் திரைப்பிடிப்பாக எடுத்து ஒப்படைக்கச் சொல்வது ஒன்றே வழி.

ஆசிரியராகப் பதிவு செய்தால் குறிப்புக் கோப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் ‘மாதிரியில் செய்த எளிமையாக்கங்கள்’ பற்றி ஒரு பகுதி இருக்கும், அதை மட்டுமாவது படித்துவிடுங்கள். மேலே சொன்ன ஊசல், வாயுச் சிக்கல்கள் போன்றவற்றுக்கு விடை அங்கேதான். பிற ஆசிரியர்கள் பதிவேற்றிய செயல்பாட்டுத் தாள்களும் அதே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. தரம் கலவை; நிறையச் சமையல் குறிப்புகள். எடுத்த எடுப்பில் அச்சடிக்காமல், கட்டளை வரிகளில் முக்கால்வாசியை அடித்துவிட்டு, மிஞ்சுவதில் ‘ஏன்’ என்று முடியும் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த தாளுக்குப் போய்விடலாம்.